பூச்சிக்குப் பின்னாடி வர்ற பேரு

அக்காவுக்கு நினைவுப் பூசை வச்ச ஞாயித்துக்கிழமை மத்தியானம். மாதா கோயில்ல இருந்து கூட வந்த சனமெல்லாம் சாப்ட்டுட்டு போயாச்சு. மாசாய்ல எங்க பிளாட்டு ஹால்ல நான், அம்மா, அம்மாவோட தம்பி அருளப்பன் மாமா, அப்புறம் கோத்தா திங்கியில இருந்து வந்த சிவனேசன் சார். அவ்வளவு தான்.

சார் தட்டுல இருந்த மீகூன தொடவே இல்ல. மாலை போட்டிருந்த அக்கா படத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. திடீர்னு அம்மா பக்கம் திரும்பினாரு.

"அம்மா, நான் நல்லா யோசிச்சுப் பாத்தன். அந்தப் பூச்சிக்கு உங்கட மகளின்ர பேரையே வைக்கிறன். உலகம் இருக்குமட்டும் அந்தப் பேர் இருக்கும்."

அம்மா கையில டீ கப்பு. அத எங்க வைக்கிறதுன்னு தெரியாம மடியிலயே பிடிச்சிக்கிட்டு அழுதாங்க. அடக்கத்தப்ப கூட அப்படி அழல. மாமா எந்திரிச்சு போய் சார் கையப் பிடிச்சிக்கிட்டாரு. "பெரிய மனசு சார் உங்களுக்கு. பேப்பர்ல எல்லாம் வருமா?"

அக்கா இதே விஷயத்த வேணாம்னு சண்ட போட்டவ. இதே ஹால்ல, இதே ஃபேனுக்குக் கீழ நின்னுக்கிட்டு.

"வேணாம் சார்"னு சொல்லிட்டேன்.

மூணு பேரும் என்னப் பாத்தாங்க.

சுவத்துல ஒட்டுன மாப்பிள்ள

இந்தத் தொடர புதுசா படிக்கிறவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன். எங்க அக்கா பேரு பிலோமினா. வீட்டுல மீனா. பாசிர் கூடாங்ல ஒரு ஃபேக்டரியில நைட் ஷிஃப்டு பாத்தா. பள்ளிக்கூடத்துல அவ ஃபார்ம் ஃபைவ் வரைக்கும் முடிச்சா. நான் ஃபார்ம் திரியோட நிறுத்திட்டு மோட்டர் வொர்க்‌ஷாப்புக்கு போயிட்டேன்.

ஃபேக்டரி வெளி லைட்டுக்கு அந்துப்பூச்சி நெறைய வரும். விடிஞ்ச பிறகும் பறக்காம சுவத்துல ஒட்டிக்கிட்டு கெடக்கும். காலையில ஷிஃப்டு முடிஞ்சதும் எல்லாரும் பஸ்சுக்கு ஓடுவாங்க. இவ சுவத்துக்கிட்ட போயி மூக்கு ஒட்டுற மாதிரி நிப்பா. பஸ் ஓட்டுற மலாய்க்கார பெரியவரு, பாக்சிக்னு கூப்பிடுவோம், ஹார்ன் அடிச்சு, "ஓய் மீனா, உன் மாப்பிள்ள சுவத்துலயா இருக்கான்?"னு மலாய்ல கத்துவாரு. பஸ்ஸே சிரிக்கும். இவ மருந்து டப்பாவுல பூச்சியப் பிடிச்சிக்கிட்டு மெதுவா வருவா.

வீட்டுக்கு வந்து தூங்க மாட்டா. பூச்சிய ஊசியில குத்தி, ரெக்கைய விரிச்சு, அடியில குட்டி பேப்பர்ல ஊரு, தேதி, பிடிச்ச ஆள் பேரு எழுதி பிஸ்கட் டின்னுல அடுக்குவா. எறும்பு வராம இருக்க டின்ன தண்ணித் தட்டுக்கு நடுவுல வைப்பா. எங்க வீடு பூரா அந்துருண்ட வாசம். இப்பவும் அலமாரியத் தொறந்தா அந்த வாசம் தான். நான் அத சீக்கிரம் மூடிடுவேன்.

சிவனேசன் சார் கோத்தா திங்கியில ஒரு ஸ்கூல்ல சயன்ஸ் வாத்தியார். யாழ்ப்பாணத்து ஆளுங்க பரம்பர, பேச்சும் அப்படியே இருக்கும். அவருக்கும் இந்தப் பைத்தியம். ஃபேஸ்புக்ல பூச்சி குரூப்புல தான் ரெண்டு பேருக்கும் பழக்கம்.

கப்பல்ல வந்த பதில்

மாசாய்ல இருந்து கோத்தா திங்கிக்கு மோட்டர் சைக்கிள்ல ஏறுனா ஒரு மணி நேரம் கூட ஆகாது. இவங்க ரெண்டு பேரும் வருசக்கணக்கா பழகியும் ஒரு தடவ கூட நேர்ல பாத்துக்கல. அவருக்கு லீவுன்னா இவளுக்கு ஷிஃப்டு. இவளுக்கு லீவுன்னா ஸ்கூல்ல பரீட்ச. எல்லாமே வாய்ஸ் மெசேஜும் கூரியரும் தான்.

அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்புறத நீங்க கேட்டிருக்கணும். கடுதாசி எழுதுற மாதிரியே பேசுவா. "மதிப்புக்குரிய சார், வணக்கம், இங்க ரெண்டு நாளா மழை, எல்லாரும் நலம், நீங்க அனுப்புன ஊசி வந்து சேந்துச்சு"ன்னு ஆரம்பிப்பா. சாரும் விட மாட்டாரு. "அன்புள்ள பிள்ளைக்கு, பார்சல் கிடைச்சது. ஆனா இடது கொம்பு உடைஞ்சு போச்சு. பஞ்சை இன்னும் கொஞ்சம் இறுக்கி வைக்க வேணும்." பூச்சியோட கொம்ப சொல்றாரு. எனக்கு மொதல்ல புரியல. இவ என்னமோ ஆட்டப் பார்சல் பண்ணி அனுப்பிட்டான்னு நெனச்சேன்.

ஒரு நாள் அம்மா குசினியில மீன் கழுவிக்கிட்டு இருக்காங்க. அக்கா போன ஸ்பீக்கர்ல போட்டிருக்கா. சார் குரல்: "பிள்ளை, ஆணின்ர உறுப்பை வடிவா வெட்டி எடுத்துப் பார். அதுதான் முக்கியம்." அம்மா மீனோட அப்படியே வெளிய வந்துட்டாங்க. "யாருடி அவன்? யாரோட என்னடி பேசுற?"

"அம்மா, பூச்சிம்மா! வெளிய பாத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அத வெட்டிப் பாத்தா தான் வேற ஜாதியான்னு தெரியும்."

"நல்ல படிப்பு லா இது"ன்னுட்டு அம்மா உள்ள போனாங்க. அன்னைக்கு மீன் கருகிப் போச்சு.

பார்சல் கட்டும்போது அக்கா எனக்கு பழைய கத சொல்லுவா. அந்தக் காலத்துல இங்க காட்டுல சுத்தி பூச்சி, பறவ, பாம்புன்னு பிடிச்ச வெள்ளக்காரங்கள பத்தி. சாராயத்துல ஊறப்போட்டு பீப்பாயில கட்டி கப்பல்ல ஏத்துவாங்களாம். சில கப்பல்ல மாலுமிங்க சாராயத்த குடிச்சிருவானுங்களாம். உள்ள பாம்பு கெடக்குதுன்னும் பாக்காம. கூடவே அவங்க ஊரு மியூசியத்துக்கு கடுதாசி: 'இது புதுசா இருந்தா சொல்லுங்க, சீக்கிரம் வெளியிடுங்க, வேற யாரும் முந்திக்கிறதுக்குள்ள.' பதில் வர மாசக்கணக்கா ஆகும். அதுக்குள்ள காய்ச்சல் வந்து பிடிச்ச ஆளே செத்தும் போயிருப்பான்.

"பதில்ல என்ன எழுதியிருக்கும் தெரியுமா?"ம்பா. "'ஆமா, புதுசு தான். நான் எழுதி வெளியிட்டுட்டேன். உன் ஞாபகமா அதுக்கு உன் பேர வச்சிருக்கேன்.' அட்ட கடிச்சது இவன. எழுதுனது ரூம்ல உக்காந்திருந்த அவன். இவனுக்கு காடு காட்டின நம்ம ஊரு ஆளுக்கு அதுவும் கெடையாது."

அக்காவுக்கும் காய்ச்சல் தான். டெங்கி. ரெண்டு நாள் அதோடயே வேலைக்கும் போனா. ஆஸ்பத்திரியில சேத்தப்ப லேட்டு. அடக்கத்தன்னைக்கு மாமா எல்லார் முன்னாடியும், "பூச்சி பூச்சின்னு அலஞ்சா, பூச்சியே கொண்டு போயிருச்சு"ன்னாரு. அவருக்கு துக்கத்துல என்ன பேசுறதுன்னு தெரியல, அது எனக்குப் புரியுது. ஆனாலும் அன்னைக்கு அவர அடிச்சிருப்பேன். யாரோ என் தோளப் பிடிச்சாங்க.

வால்ல பேரு

இப்ப அந்தச் சண்டைக்கு வர்றேன்.

ஃபேக்டரி கேட்டுல கார்டு நிக்கிற கூண்டு சுவத்துல இருந்து அக்கா பிடிச்ச ஒரு பூச்சி. டீத்தண்ணி சிந்துன மாதிரி ஒரு கலரு. என்னோட நகத்துல பாதி இருக்கும். நான்லாம் மிதிச்சிட்டு போயிருப்பேன். இவ அத காரத்தண்ணியில ஊறப்போட்டு, வெட்டி, பழைய மைக்ராஸ்கோப்புல பாத்து படம் வரைஞ்சா. எந்தப் புக்குலயும் இல்லாத மாதிரி இருக்குன்னு சாருக்கு சொன்னா. சார் வெளிநாட்டு மியூசியத்துக்காரங்க கிட்ட கேட்டாரு. அவங்களும் பாத்ததில்லன்னாங்க.

அப்ப எழுதி வெளியிடணும். படம், வெட்டிப் பாத்தது, வித்தியாசம் கண்டுபிடிச்சது எல்லாம் அக்கா. இங்கிலீஷ் சார். அப்ப தான் சார் அந்த மெசேஜ அனுப்புனாரு: "பிள்ளை, நான் எழுதுறன். பூச்சிக்கு உன்ர பேரை வைக்கிறன், சரிதானே?"

அக்கா எனக்கு வெளக்கினா. ஒவ்வொரு பூச்சிக்கும் லத்தீன்ல ஒரு பேரு. அதுக்குப் பின்னாடி, மொதல்ல எழுதி வெளியிட்டது யாரோ அவங்க பேரு நிக்கும். எழுதுறவங்க தன் பேரயே பூச்சிக்கு வச்சிக்க மாட்டாங்க. சட்டம்னு இல்ல, ஆனா அது வெக்கங்கெட்ட வேலன்னு எல்லாரும் சிரிப்பாங்க. அதனால ரெண்டுல ஒண்ணு தான் கெடைக்கும். பூச்சியோட பேரா இருக்கலாம், இல்லாட்டி பேரு வச்ச ஆளா இருக்கலாம்.

"பூச்சி பேருன்னா பெருமை தானே-க்கா?"ன்னு கேட்டேன்.

"போடா. பேரு வைக்கிறவளா இருக்கணும்டா. பேரு வாங்கிக்கிட்டு ஊசியில தொங்குறவளா இருக்கக் கூடாது."

அன்னைக்கு கடுதாசி பாஷை எல்லாம் போச்சு. ஃபேனுக்குக் கீழ நின்னு போன வாய்க்கிட்ட வச்சு கத்துனா. "சார், வெட்டுனது நானு. வரஞ்சது நானு. நீங்க தனியா எழுதுறதுன்னா என் பூச்சியத் திருப்பி அனுப்பிருங்க. எனக்கு பூச்சி பேரு வேணாம், வால்ல தான் பேரு வேணும்!"

அதுக்கப்புறம் சார் கிட்ட இருந்து பதிலே இல்ல. அக்கா சரியா சாப்பிடல. ஷிஃப்டு முடிஞ்சு சுவத்தக் கூட பாக்காம பஸ்ல ஏறிட்டான்னு சொல்லி பாக்சிக் என்கிட்ட கேட்டாரு, உடம்புக்கு முடியலயான்னு. ஒரு சனிக்கெழம காலையில மெசேஜ் வந்துச்சு. ரொம்ப சின்னது. "அன்புள்ள பிள்ளைக்கு, நீ சொன்னது நியாயம். எழுதினவை ரெண்டு பேர்." அவ குதிச்ச குதியில கீழ் வீட்டுக்காரம்மா தொடப்பத்தால கூரைய தட்டுனாங்க.

வெள்ளிக்கிழமைக்குள்ள

அதனால தான் "வேணாம் சார்"னு சொன்னேன்.

அம்மா மொதல்ல கண்ணத் தொடச்சாங்க. அப்புறம், "வாய மூடுடா"ன்னாங்க.

"ம்மா, அக்கா ஒத்துக்கல. சாருக்கே தெரியும். ரெண்டு பேரு போடுறேன்னு சொல்லிட்டு இப்ப மாத்துறாரு."

மாமா எகிறினாரு. "டேய், பள்ளிக்கூடம் பக்கம் போகாத பயலே, ஒரு வாத்தியாருக்கு நீ சொல்லிக் குடுக்கிறியா? செத்துப் போன பிள்ளைக்கு ஒரு மரியாத கெடைக்குது, அதுலயும் மண்ணப் போடாத."

சார் கையக் காட்டி மாமாவ நிறுத்தினாரு. கோவமா பேசல. அதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

"தம்பி, அப்ப அவ உயிரோட இருந்தா. சண்டை பிடிச்சா, நான் விட்டுக் குடுத்தன். இப்ப நிலைமை வேற. நாளைக்கு ஆரும் வந்து இது பிழை, இந்தப் படம் பிழை எண்டு எழுதினா, எழுதினவை பதில் சொல்ல வேணும். அவ எப்பிடிச் சொல்லுவா? பூச்சின்ர பேரெண்டா அவவுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. பிழை வந்தா அது என்ர தலையில போகட்டும்."

அவரு சொல்றது பொய்யில்ல. அன்னைக்கு வீட்டுக்குள்ள வந்ததும் அவரு அக்கா படத்தப் பாத்து, "இவ்வளவு சின்னப் பிள்ளையா? குரலைக் கேட்டா பெரிய மனுசி எண்டு நினைச்சன்"னு சொன்னப்ப அவரு கண்ணு கலங்கினத நானும் பாத்தேன்.

"நீங்க பதில் சொல்லுங்க சார்"னேன். "அவளுக்கும் சேத்து. ரெண்டு பேர்னா அதானே அர்த்தம்?"

சார் தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. அப்புறம் அம்மா கிட்ட சொன்னாரு: "ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர் முடிவை வெள்ளிக்கிழமைக்குள்ள கேக்கினம். இறந்தவவின்ர பேரை எழுதினவ எண்டு போட வேணுமெண்டா தாய் சம்மதிக்க வேணும். தம்பியின்ர சம்மதம் மட்டும் காணாது. நீங்க யோசிச்சு எனக்கு போன் எடுத்துச் சொல்லுங்கோ, அம்மா."

அம்மா யோசிக்கவே இல்ல. "பேர வைங்க சார்"னு சொல்ல வாயத் தொறந்தாங்க. நான் அம்மா கையப் பிடிச்சிக்கிட்டேன். "வெள்ளிக்கெழம வரைக்கும் நேரம் இருக்கு ல-ம்மா. இப்ப சொல்லாதீங்க."

கைய உதறிட்டாங்க. ஆனா சொல்லல.

பெட்டி அடைக்கிற கை

அந்த வாரம் எங்க வீட்டுல பேச்சே கெடையாது. அம்மா சாப்பாட்டுத் தட்ட டொக்குன்னு வைப்பாங்க. நான் சாப்ட்டு கழுவி வைப்பேன். அம்மா அதுக்குள்ள கோயில் ஆளுங்ககிட்ட, பக்கத்து வீட்டுல, தான் வேல பாக்குற ஃபேக்டரியில எல்லாம் சொல்லியாச்சு, மீனா பேருல ஒரு பூச்சி வரப்போகுதுன்னு. ஒரு அம்மா, "பூச்சிக்கா? ஒரு பூவுக்கு வைக்கக் கூடாதா?"ன்னு கேட்டுட்டாங்களாம். அதுக்கும் கோவம் என்மேல தான்.

வியாழக்கெழம சாயந்திரம் அம்மா வேலைக்கான நீலச் சட்டைய கூட மாத்தாம என் முன்னாடி வந்து உக்காந்தாங்க.

"அவ ஏன் வேணாம்னா? அத மட்டும் சொல்லு. பெரிய பேச்செல்லாம் வேணாம்."

லத்தீன் பேரு, பின்னாடி வர்ற பேருன்னு ஆரம்பிச்சேன். அம்மா மூஞ்சியில ஒண்ணும் ஏறல. எனக்கு அழுக வந்துருச்சு. நாளைக்கு வெள்ளிக்கெழம. அக்கா சார்பா பேச என்ன விட்டா வேற ஆள் கெடையாது, எனக்கோ பேசத் தெரியல.

அம்மா சட்டையப் பாத்தேன். அம்மா கையுறை ஃபேக்டரியில பெட்டி அடைக்கிறாங்க. நான் பொறந்ததுல இருந்து அதே வேல.

"ம்மா, நீங்க அடைக்கிற பெட்டிக்குள்ள உங்க நம்பர் போட்ட சீட்டு ஒண்ணு வைப்பீங்க ல? எதுக்கு?"

"கொற வந்தா யாரு அடச்சதுன்னு தெரியணும் ல. என் பெட்டி ஒண்ணு கூட திரும்பி வந்ததில்ல."

"நாளைக்கு சூப்பர்வைசர் வந்து, அம்மாவுக்கு வயசாச்சு, இனிமே சீட்ட எடுத்துருவோம், அதுக்குப் பதிலா கையுறைக்கு அம்மா பேர வைக்கலாம்னா ஒத்துக்குவீங்களா?"

"பைத்தியமா அவனுக்கு? கையுறைக்கு என் பேரு எதுக்குடா? அடச்சது நானு."

சொன்னதும் அம்மா தன் கையத் திருப்பிப் பாத்தாங்க. அந்தக் கையில பவுடர் வெள்ளையா ஒட்டியிருந்துச்சு.

அப்புறம், "அந்த ஆளுக்கு போனப் போடு"ன்னாங்க.

ரெண்டு அப்பா

ஸ்பீக்கர்ல போட்டேன். அம்மா போன ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு சத்தமா பேசுனாங்க. "சார், மீனா அம்மா பேசுறேன். பூச்சிக்கு வேற ஏதாவது பேரு வச்சுக்கோங்க. என் பொண்ணு எழுதுனவ. அப்படியே போடுங்க."

லைன்ல சார் மூச்சு விடுற சத்தம். "ஓம் அம்மா. அப்பிடியே செய்யிறன். தம்பி சொன்னது எனக்கும் மனசில கிடந்தது."

எனக்கு எந்திரிச்சு கத்தணும் போல இருந்துச்சு. ஆனா சார் இன்னும் முடிக்கல.

"ஒரு விசயம், அம்மா. வெளிநாட்டில கடைசிப் பேரைத்தான் எடுப்பினம். எங்கட ஆக்களுக்குக் கடைசிப் பேர் அப்பான்ர பேர்தானே. என்னை அவையள் கனகசபை எண்டுதான் எழுதுவினம், அது என்ர அப்பா. உங்கட மகளின்ர ஐசி அடையாள அட்டையில உள்ளபடி பாத்தா, பூச்சிக்குப் பின்னால கனகசபை அண்ட் சவரிமுத்து எண்டு வரும்."

சவரிமுத்து எங்க அப்பா.

அப்பாவப் பத்தி நான் இதுவரைக்கும் இந்தத் தொடர்ல எழுதல. நான் தத்தித் தத்தி நடக்கிற வயசுல அவரு பெக்கான் நானாஸ்ல வேற ஒரு குடும்பம் வச்சிக்கிட்டாரு. அங்க அன்னாசித் தோட்டத்துல லோரி ஓட்டுறாருன்னு சொல்லுவாங்க. ஒரு வெள்ளி காசு கூட அனுப்புனதில்ல. அக்கா அடக்கத்துக்கு வந்தாரு. வாசல் கேட்டு பக்கத்துல மோட்டர்ல உக்காந்தபடியே இருந்தாரு. ஹெல்மெட்டக் கூட கழட்டல. பெட்டிய வேன்ல ஏத்துனதும் கெளம்பிட்டாரு.

அந்தப் பேரு தான் இப்ப உலகம் இருக்குமட்டும் நிக்கப் போகுது. எங்க அக்கா தூங்காம குனிஞ்சு உக்காந்து வெட்டிப் பாத்த பூச்சிக்குப் பின்னாடி.

எனக்குப் பயமாயிருச்சு. அம்மா இப்ப மாத்திப் பேசிட்டா முடிஞ்சது. பேசுனாலும் என்னால தப்பு சொல்ல முடியாது. அம்மா கையில இருந்த போன் ஸ்கிரீன் அணஞ்சிருச்சு. லைன்ல சார், "அம்மா? கேக்குதோ?"ன்னாரு.

"கேக்குது சார். அவளுக்கு ஒரே பேரு. பிலோமினா. அத மட்டும் போடுங்க."

"போடலாம், அம்மா. ஒற்றைப் பேரும் ஏற்பினம். ஆனா ஆரும் பிறகு கேப்பினம், இவ ஆர், ஆரின்ர மகள் எண்டு."

"கேட்டா என் நம்பரக் குடுங்க சார்"னாங்க அம்மா. "நான் சொல்றேன்."